நாற்பத்தோரு அங்குலம்

கோர்வின் சைடிங்கில் முதலில் தண்டவாளம் வந்தது,
பிறகு தாகம்.
வருடத்துக்கு நாலு அங்குலம் மழை பார்க்கிற மண்.
ஓர் எஞ்சின் ஒரு மூச்சில் குடிப்பது
ஒரு தெருவின் ஒரு வாரம்.
எஞ்சினுக்குத்தான் முதல் வாய்.
மிச்சம் சலூனுக்கு, சலவைக்கடைக்கு, பள்ளிக்கு.
எல்லாம் போக, ஆற்றுக்கு அக்கரையில்
தெற்கு வரிசைக்கு.
சக்கரம் கழற்றிய சரக்குப் பெட்டிகளில்
தண்டவாளம் போட்டவர்கள் அங்கே குடியிருந்தார்கள்.

நான் தண்ணீர் அலுவலகக் குமாஸ்தா.
முப்பத்திரண்டு குழாய் இருந்தபோது சேர்ந்தேன்.
அறுநூற்றுப் பதினேழு ஆனபோது கண்ணாடி போட்டேன்.
கிணறு நானூறு அடி, அப்புறம் ஐந்நூறு.
பம்ப்காரர் குவிர்க் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"இனிமேல் மேலே வருவது தண்ணீரில்லை, கடன்."

ஆறு என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு.
பிள்ளைகள் அதில் பந்தாடினார்கள், கழுதைகள் புரண்டன.
மணலுக்கு எதற்கையா கரை என்று கேட்டவர்களே
ஒரு சாயங்காலம்
தபால் நிலையக் கூரைமேல் குந்தியபடி
கரை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள்.

பொறியாளர் லுண்ட்க்விஸ்ட் வரைந்தார்.
நல்ல மனிதர். பென்சிலை நாக்கில் நனைத்துக்கொள்வார்.
கல்லும் கம்பிவலையுமாய்ப் பதினோரு அடி,
வடகரை நெடுக.
தென்கரைக்கு வரும்போது காசு தீர்ந்தது.
அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன்.
கூட்டல் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் பத்தொன்பது.
ஊரில் ஒரு துளி இல்லை,
நாற்பது மைல் தள்ளி மலை கறுத்தது.
மூன்று மணிக்கு மணலில் ஒரு நாக்கு நீண்டது,
நுரையும் சுள்ளியுமாய், ஆள் நடக்கிற வேகத்தில்.
அதன் பின்னால் மதில்.
கரையில் முட்டியது,
யோசித்தது,
தெற்கே திரும்பியது.

பாலம் போனது. பாலத்தோடு குழாயும்.
இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு
குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.
மூன்றாம் நாள் தண்ணீர் ரயில் வந்தது,
பன்னிரண்டு டாங்கர்.
வடகரையில் நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை என்றது பத்திரிகை.
எபிஃபானியோ ருவால்காபாவை என் பட்டியலில் தேடினேன்.
பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்தவர்,
பட்டியலில் இருந்ததே இல்லை.

மாதக் கடைசியில் வழக்கம்போல் பில் அனுப்பினேன்.
பத்தாம் தேதி ரெஃபூஜியா ஒன்டிவெரோஸ் வந்தார்.
ஒன்றே முக்கால் டாலர், சில்லறையாக,
ஒவ்வொரு காசிலும் சேறு.
கட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார்,
மகளின் பள்ளிக்கூட எழுத்து:

நகரத் தண்ணீர்த் துறைக்கு.
உங்கள் தண்ணீரை என் வீட்டில் வைத்திருந்ததற்கு வாடகை.
ஆழம் நாற்பத்தோரு அங்குலம்.
இரண்டு பகல், இரண்டு இரவு.
சுவரில் கோடு இருக்கிறது, வந்து அளக்கலாம்.
நனைந்த மாவுக்கு இதில் கேட்கவில்லை.

வெள்ளம் தலைக்கு மேல் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
இவர் அங்குலம் பிசகாமல் அளந்திருந்தார்.
"ரசீது," என்றார். சிரிக்கவில்லை.

என் பேரேட்டில் வரவுக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒன்று.
லுண்ட்க்விஸ்ட் எட்டிப் படித்தார்,
பென்சிலை நாக்கில் வைத்தார்,
எதுவும் எழுதாமல் சட்டைப்பையில் செருகினார்.
மேயர் கிழித்துப் போடச் சொன்னார்.
நான் ரசீது எழுதினேன்: பெறப்பட்டது, நிலுவை.

அடுத்த வாரம் எண்பத்து மூன்று பில்கள்,
எல்லாம் அந்தப் பெண்ணின் கையெழுத்து.
ஒன்று ருவால்காபா பேரில்.
ஆழத்துக்கு எதிரே, முழுசும்.

தென்கரைக்குக் கல் வந்தது என்று எழுத ஆசைதான்.
வந்தது வாக்கெடுப்பு,
பதினான்கு ஓட்டில் தோற்றது.
ஒவ்வொரு மாதமும் நிலுவையை
அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போகிறேன்,
எண்பத்து நாலு வரி.
விரல் மரத்துப்போகிறது.
மை உலர மட்டும்
இந்த ஊரில் நேரம் ஆவதில்லை.